கால் சுற்று

குன்னூரில், டார்ச்சும் பூட்டும் மழைக்கோட்டும் விற்கிற கடையில்
கண்ணாடிப் பெட்டிமேல் ஏழு கத்திகளை எடுத்து வைத்தார் ஹக்கீம்.

கொம்புப் பிடி போட்டது அழகு.
ஈரக்கையில் வழுக்கும்.
பாதி அலகு ரம்பப்பல் வைத்தது
கேரட்டைத் தூளாக்கும், முகம் காட்டாது.
இன்னொன்றில் கரண்டி, பல்குத்தி, கத்தரி, சோடா திறப்பான்
என்று ஒரு குடும்பமே குடியிருந்தது;
கத்தி அதில் கடைசிப் பிள்ளை.

"வீட்டுக்காரருக்காம்மா?"
"எனக்கு."
அதற்குப்பின் விலையைப் பற்றி மட்டும் பேசினார்.

ஐந்தாவதைப் பிடித்தபோது
கை ஒன்றும் சொல்லவில்லை.
அதைத்தான் வாங்கினேன்.

பாலாடாவில் விடியுமுன் என் வேலை.
கழுவும் மிஷினிலிருந்து இறங்கும் மூட்டைகளில்
மூட்டைக்கு ஒன்று உருவி, குறுக்கே வெட்டி,
நடுத்தண்டு வெளுப்பா, நெட்டியா, உள்விரிசலா
எனப் பார்த்து மண்டிக்காக விலை சொல்வது.
எண்பது மூட்டை என்றால்
எண்பது முறை திறந்து எண்பது முறை மடக்கணும்.

எனக்கு இடதுகை.
கிளிப்போ வலதுகைக்காரர்களை நினைத்து வைத்தது.
மூக்குக்கண்ணாடிக் கடைப் பையனிடம்
குட்டித் திருப்புளி வாங்கி மறுபக்கம் மாற்றினேன்.
மூன்று திருகில் ஒன்று உருண்டு சாக்கடைக்குப் போனது.
இரண்டில் நிற்கிறது, இரண்டு வருஷமாக.
திருப்புளியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நடுத்திருகு வேறு ஜாதகம்.
இறுக்கினால் திறக்க இரண்டு கை கேட்கும்.
தளர்த்தினால் அலகு தள்ளாடி வெட்டுமுகம் கோணும்.
கட்டைவிரல் தள்ளினால் வரணும்,
தலைகீழாக உதறினால் வரக்கூடாது:
அந்த இடம்
கால் சுற்றுக்கும் உள்ளே எங்கோ இருக்கிறது.

கொண்டைஊசி வளைவுகள் பதினான்கும்
லாரி அதிர்வில் அந்தத் திருகைத் தின்னும்.
"பசை வை அக்கா" என்றான் டிரைவர் செபஸ்தியான்.
மகளின் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தேன், ஊதா.
பாட்டிலைக் காணோமென்று
அவள் வீட்டையே கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜனவரி.
புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி உறைபனி.
எண்ணெய் கெட்டித்து, அலகு அடம்பிடித்தது.
மூட்டைமேல் உட்கார்ந்திருந்த போஜன் கேட்டார்:
"உன் கத்திக்கும் குளிருதா?"
பூச்சைச் சுரண்டித் தளர்த்தினேன். ஓடியது.
மேட்டுப்பாளையம் மண்டியில், வெயிலில்,
வியாபாரிகள் பார்க்கத் திறந்தபோது
அதே கத்தி குடித்தவன் கால்போல் நடந்தது.

அன்றிலிருந்து பர்லியாரில் டீக்கு நிற்கும்போது
கீழே போகையில் இறுக்கம்,
மேலே வருகையில் தளர்வு.
மங்குஸ்தான் விற்கிற மரியபுஷ்பம் கேட்டாள்:
"தினம் தினம் அப்படி என்ன ரிப்பேர்?"
ரிப்பேர் இல்லை, ஊர் மாறுகிறது
என்று சொல்ல நினைத்து,
கால் கிலோ மங்குஸ்தான் வாங்கினேன்.

போன வாரம் போஜனின் தோட்டத்து மூட்டைகள்.
அன்றைக்கு மாதிரி அந்தக் கத்தி
என்றுமே சரியாக இருந்ததில்லை.
சத்தமில்லாமல் திறந்தது.
சாயாமல் இறங்கியது.
முதல் கேரட், நடுவில் வெள்ளைத் தண்டு.
இரண்டாவதும்.
பதினொன்றாவது வரை வெட்டினேன்,
ஆறிலேயே தெரிந்துவிட்டது.

அவர் கையை நீட்டினார்.
கொடுத்தேன்.
அடிமூட்டையிலிருந்து தானே ஒன்றை உருவி,
பழக்கமில்லாத பக்கம் கிளிப் உறுத்த,
வெட்டி, டார்ச் வெளிச்சத்தில் பார்த்து,
ஒரு பாதியைக் கடித்துத் தின்றார்.
மற்றதை எனக்குத் தந்தார். இனிப்பாகத்தான் இருந்தது.
அலகைப் போர்வையில் துடைத்து மடக்கி,
"நல்லாத் தெறக்குது" என்றார்.

விலையைச் சொன்னேன்.
மூட்டைகளை ஏற்றினார்கள்.

பர்லியாரில் திருப்புளியை எடுத்தேன்.
எந்தப் பக்கம் இறுக்கம் என்று
ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.
மரியபுஷ்பம் இன்று ஒன்றும் கேட்கவில்லை.
செபஸ்தியான் ஹாரன் அடித்தான்.
ஊதா ஒரு சொட்டு வைத்து,
மடக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.
காய்வதற்கு
மூன்று வளைவாவது ஆகும்.